கையடக்க ஜிபிஎஸ்-ஐ செஸ்னாவுக்குள் எங்கே மாட்டுவது?

செஸ்னா 172 என்ற சின்ன விமானம் விற்பனைக்கு வந்தது 1956-இல். அதன் பேனலை வரைந்தவர்கள் வேகமானிக்கும் உயரமானிக்கும் ரேடியோவுக்கும் இடம் ஒதுக்கினார்கள்; மேப் வைக்க ஒரு சின்னப் பெட்டிகூட உண்டு. ஐந்து அங்குலத் திரையும் தொங்கும் வயருமாக இன்னொரு கருவி பின்னாளில் வந்து சேரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 44,000-க்கும் மேல் தயாரான அந்த விமானத்தைத்தான் அமெரிக்காவின் பயிற்சிப் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் இன்றும் எங்கே போனாலும் பார்க்கலாம். அதனால் இந்தக் கட்டுரையும் அதைச் சுற்றியே போகும். பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சின்ன விமானத்தை ஓட்டுபவர்களுக்கு நடுவில் ஓரிரு வார்த்தை உண்டு.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. அதன் பிறகு கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் சின்ன விமானங்களுக்குள் வேகமாகப் பரவின. 2010-இல் ஐபேட் வந்ததும் கதையே மாறிவிட்டது. இப்போது எந்தக் கருவி, எந்த ஆப் என்று கேட்டால் மணிக்கணக்கில் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. எங்கே மாட்டுவது என்று கேட்டால் மட்டும் ‘யோக்கில் மாட்டிக்கோ’ என்று, அதாவது பைலட் பிடித்து ஓட்டும் கைப்பிடியில் மாட்டச் சொல்லி, ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: திரை எங்கே நன்றாகத் தெரியும் என்று பார்த்து இடம் தேடக் கூடாது. அது அங்கே இருந்தால் எது நகராது, எது மறையும், அவசரத்தில் எது வழியை அடைக்கும் என்று பார்த்துத்தான் தேட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, பலரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் இடங்கள் சில பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகின்றன.

யோக்

முதலில் யோக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு கிளாம்ப், நடுவில் ஒரு கை, இரண்டு முனையிலும் ரப்பர் பூசிய பந்து. இரண்டு நிமிஷத்தில் மாட்டலாம், அதே வேகத்தில் கழற்றலாம். வாடகை விமானத்தில் எதையும் துளைக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமானம் குலுங்கும்போது தொடுதிரையில் சரியான இடத்தைத் தொடுவது பெரிய பாடு. கருவி யோக்கில் இருந்தால் மற்ற விரல்களை யோக்கிலேயே ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் தொடலாம். இந்த வசதி வேறு எந்த இடத்திலும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், யோக் என்பது அலமாரி இல்லை. அது விமானத்தின் கட்டுப்பாடு. செஸ்னாவில் யோக் ஒரு குழாயின் நுனியில் இருக்கிறது. மூக்கைத் தாழ்த்த யோக்கைத் தள்ளினால் அந்தக் குழாய் பேனலுக்குள் போகும். கிளாம்ப்பைக் குழாயில் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டிவிட்டால், அது பேனலில் இடித்து நிற்கும். எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை, கீழே முழுதாகப் போகாது. இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. தரையில் நிறுத்தும்போது செருகும் கன்ட்ரோல் லாக் கம்பியின் துளையும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அதையும் கிளாம்ப் மறைக்கக் கூடாது.

பின்பக்கம் இன்னும் மோசம். இறங்கும்போது, சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் யோக் கிட்டத்தட்ட வயிறு வரைக்கும் வரும். குறுக்குக் காற்று இருந்தால் அதே நேரத்தில் ஒரு பக்கமாகத் திரும்பியும் இருக்கும். நெட்டுக்குத்தாக மாட்டிய பத்து அங்குல ஐபேட் அப்போது தொடையில் இடிக்கும். உயரம் குறைந்தவர்கள் பெடலை எட்ட இருக்கையை முன்னுக்கு இழுத்திருப்பார்கள். அவர்களுக்கு இடமே இருக்காது. அதனால் ஒரே கிளப் விமானத்தில் ஒருவருக்குச் சரியாக இருந்த மவுண்ட் இன்னொருவருக்கு ஆபத்தாக முடியலாம்.

கட்டுப்பாட்டின் வழியில் ஒரு சின்னப் பொருள் நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விமானத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் 198 பேரோடு ஆப்கானிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டனின் கேமரா இருக்கையின் கைதாங்கிக்கும், யோக்குக்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் சைட்ஸ்டிக்குக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. அவர் இருக்கையை முன்னால் நகர்த்தியதும் கேமரா ஸ்டிக்கை முன்னுக்கு அழுத்தியது. 27 விநாடியில் விமானம் 4,400 அடி இறங்கியது. அது காப்பாற்றப்பட்டதற்கு ஒரு காரணம் அத்தனை உயரத்தில் இருந்தது. ஓடுபாதைக்கு ஐம்பது அடி மேலே இருக்கும் செஸ்னாவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

எடையும் கணக்கில் வரும். கார்மின் ஏரா 660 என்ற கையடக்க ஜிபிஎஸ் கால் கிலோ. ஐபேட் மினி சுமார் 300 கிராம். பெரிய ஐபேடும் அதன் உறையும் மவுண்ட்டும் சேர்ந்தால் அரை கிலோவைத் தாண்டிவிடும். அதை யோக்கின் நடுவில் வைக்காமல் நீண்ட கையில் ஒரு பக்கமாக நீட்டினால், எடை யோக்கை அந்தப் பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். பைலட்டின் கை அதை அறியாமலே ஈடுசெய்யும். ஆட்டோபைலட் இருந்தால் அந்த வேலையை அது செய்துகொண்டிருக்கும். அப்புறம், பெரிய திரை பேனலின் கீழ்வரிசையை மறைக்கும். 172-இல் இக்னிஷன் சாவியும் மாஸ்டர் ஸ்விட்சும் இடது கீழ் மூலையில் இருக்கின்றன. என்ஜினில் புகை வரும் நேரத்தில் அவற்றை ஐபேடுக்குப் பின்னால் தடவித் தேட வேண்டுமா?

சரி, அப்படியென்றால் யோக் வேண்டாமா? வேண்டும், ஆனால் சின்னக் கருவிக்கு மட்டும். ஏரா 660 அளவோ அதிகபட்சம் ஐபேட் மினி அளவோ, குறுகிய கையில், யோக்கின் நடுவில், படுக்கைவாட்டில். ஐபேட் மினியைவிடப் பெரிய எதையும் 172-இன் யோக்கில் மாட்ட மாட்டேன்.

சக்ஷன் கப்

காருக்கு வாங்கிய சக்ஷன் மவுண்ட்டை அப்படியே விமானத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, கார் உயரே போகாது. சக்ஷன் கப் ஒட்டியிருப்பது அதற்குள் இருக்கும் வெற்றிடத்தால் அல்ல; வெளிக்காற்று அதை அழுத்துவதால். 10,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். செஸ்னாவின் கேபினில் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. வெளியே என்னவோ அதுதான் உள்ளேயும். போதாக்குறைக்கு மேலே போகப் போகக் குளிரில் ரப்பர் விறைக்கும், கண்ணாடியில் ஈரம் படியும். தரையில் இழுத்தாலும் வராத கப், மேலே போன பிறகு தானாக மடியில் வந்து விழுவது இதனால்தான்.

இரண்டாவது, அது கண்ணாடியே அல்ல. சின்ன விமானங்களின் விண்ட்ஷீல்ட் அக்ரிலிக் பிளாஸ்டிக். எளிதில் கீறும். கப் ஒட்டவில்லையே என்று வீட்டில் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தைப் போட்டுத் துடைத்தால், அக்ரிலிக்கின் மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் வலைபோலப் படரும். சூரியன் எதிரே வரும்போது அந்த இடம் முழுக்க வெள்ளையாக மின்னும், எதிரே வரும் விமானம் தெரியாது. விண்ட்ஷீல்டை மாற்றும் செலவோடு பார்த்தால் ஜிபிஎஸ் மலிவு.

இதையெல்லாம் மீறி ஒட்டினாலும் எங்கே ஒட்டுவது? நடு விண்ட்ஷீல்டில் ஒட்டினால் பக்கத்திலேயே காந்தத் திசைகாட்டி. பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் பயணத்துக்குக்கூட அது கட்டாயக் கருவி. ஐபேடுக்குள்ளும் அதன் மூடிகளிலும் காந்தங்கள் இருக்கின்றன. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் போன் மவுண்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவியைத் திசைகாட்டியின் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் எப்படி நகர்கிறது என்று தெரியும். பேனலின் மின்சாரமும் ஜிபிஎஸ்ஸும் ஒருசேரப் போகும் நாளில் திசை சொல்ல, மின்சாரமே தேவைப்படாத அந்தத் திசைகாட்டி மிஞ்சும்.

இடது பக்க ஜன்னலில் ஒட்டலாம் என்பார்கள். கைக்கு எட்டும், யோக்கும் தப்பிக்கும். உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமானநிலையங்களில், வேறு அறிவிப்பு இல்லாத வரை, இறங்க வரும் விமானங்கள் இடப்பக்கமாகத் திரும்பித்தான் வர வேண்டும். அதாவது ஓடுபாதையை முழுநேரமும் இடது ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேலே இறக்கை ஏற்கெனவே பாதி வானத்தை மறைக்கிறது; மிச்சத்தில் ஒரு திரையை ஒட்டுவானேன்? ஜன்னலின் கீழ் மூலையில், கதவின் கைப்பிடியைத் தொடாமல், சின்னக் கருவி ஒன்றை வைத்தால் சமாளிக்கலாம். விமானம் மோதி நின்றால் வெளியேறும் வழியும் அந்தக் கதவுதான் என்பது நினைவிருக்கட்டும். செரோக்கியில் கதவு வலப்பக்கம் ஒன்றே ஒன்று; இடது ஜன்னலில் காற்றுக்குத் திறக்கும் சின்னப் பலகை இருக்கிறது, அதை அடைக்காமல் இருந்தால் போதும்.

பேனலுக்கு மேலே, விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கும் கறுப்பு மேடையில் வைப்பதும் இதே வகைதான். அங்கே பார்வை மறைப்பதோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. அரிசோனாவில் கோடை மத்தியானம் வெளியில் நின்ற விமானத்துக்குள் அந்த 35 டிகிரி எந்த மூலையில் இருக்கும்? சூடு தாங்காமல் திரை அணைந்து, ஆற வேண்டும் என்று ஒரு செய்தி வரும். விமானத்துக்கென்றே செய்த கருவிகள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். காற்றுத் துவாரத்தின் அருகில் மாட்டினால் இரண்டுமே பிழைக்கும். போலரைஸ்ட் கண்ணாடி போடும் வழக்கம் இருந்தால் வாங்கும் முன் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடும், நெட்டுக்குத்தா படுக்கைவாட்டா என்பதைக்கூட அதுவே முடிவு செய்துவிடும்.

சொந்த விமானம் இருந்தால்

விமானம் உங்களுடையது என்றால் பதில் வேறு. அமெரிக்காவில் லோரான்-சி என்ற பழைய வழிகாட்டும் ரேடியோ 2010 பிப்ரவரி 8 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கான ரிசீவர்கள் இன்னும் பல பழைய விமானங்களின் பேனலில் உயிரில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஏடிஎஃப் என்ற இன்னொரு பழைய வழிகாட்டும் ரேடியோவின் பெட்டிகளுக்கும் வேலை குறைந்துகொண்டே வருகிறது. அதில் ஒன்றைக் கழற்றினால் வரும் ஓட்டையில் கையடக்க ஜிபிஎஸ் உட்காரும்படி ஒரு தொட்டிலைப் பொருத்தலாம். கருவி பேனலோடு பேனலாக நிற்கும். எதுவும் தொங்காது, யோக் சுதந்திரமாக இருக்கும், பார்வையும் மறையாது. வேண்டும்போது கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் விமானத்தில் நிரந்தரமாகப் பொருத்தும் எதையும் உங்கள் இஷ்டத்துக்குத் திருகாணி போட்டு மாட்ட முடியாது. உரிமம் பெற்ற மெக்கானிக் செய்து, பராமரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய பெட்டியைக் கழற்றினால் எடைக் கணக்கையும் திருத்த வேண்டும். வேலை பெரிதென்றால், அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் 337 படிவம் வரை போகும். ஆகவே ஆரம்பிக்கும் முன்பே மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசிவிடுவது மலிவு. பேனலுக்குள் போய்விட்டது என்பதற்காக அந்தக் கருவிக்குத் தகுதி உயர்ந்துவிடாது என்பதும் முக்கியம். அது அப்போதும் கையடக்கக் கருவிதான். மேகத்துக்குள் ஐஎஃப்ஆர் விதிகளின்படி, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பி, பறக்கும்போது அதை நம்பி வழி நடத்தக் கூடாது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்னொரு குறை, கருவியை மாற்றினால் தொட்டிலும் மாற வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுசு வாங்கும் ஆசை உள்ளவர்கள் பந்து-கை மவுண்ட்டின் அடிப்பகுதியை மட்டும் பேனலில் பொருத்திக்கொள்வது நல்லது.

தொடையில் கட்டும் நீபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, எந்த விமானத்துக்கும் பொருந்தும், கட்டுப்பாட்டை மறைக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும். குனிந்த நேரம் வெளியே பார்க்காத நேரம். மேகத்துக்குள் விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று குனிந்து நிமிர்ந்தால், உள்காதின் சமநிலை உறுப்பு குழம்பி விமானம் உருள்வது போன்ற பொய்யான உணர்வு வரும். பைலட்டுகள் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. செரோக்கியில் எரிபொருள் மாற்றும் கைப்பிடி பைலட்டின் இடது முழங்காலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. இடது தொடையில் கட்டினால் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிட்டாப்ரியா போல யோக் இல்லாமல் ஸ்டிக் உள்ள விமானங்களில் தொடைகளுக்கு நடுவில்தான் ஸ்டிக் ஆட வேண்டும், அதனால் அகலமான நீபோர்டு அங்கே ஆகாது. பெரிய ஐபேடை மாற்று ஏற்பாடாகக் கொண்டுபோகிறவர்களுக்கு 172-இல் இது பரவாயில்லை.

இருக்கைத் தண்டவாளத்தில் கவ்வும் மவுண்ட்டுகளும் விற்கிறார்கள். செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பூட்டு சரியாக விழாமல், விமானம் எழும்பும்போது இருக்கை பின்னால் வழுக்கிப்போய் விபத்துகள் நடந்திருக்கின்றன. 1987-இலேயே அவற்றைத் தவறாமல் பரிசோதிக்கும்படி எஃப்ஏஏ உத்தரவு போட்டது. 2011-இல் அதைப் புதுப்பித்தது. அந்தத் தண்டவாளத்தில் வேறு எதையும் கவ்வ வைக்க எனக்கு மனசு வராது.

எங்கே மாட்டினாலும் முகத்துக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களுக்குத்தான் முன் இருக்கையில் தோள்பெல்ட் கட்டாயம். அதற்கு முந்தைய 172-இல் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கலாம். மோதலில் உடம்பு முன்னால் மடங்கும்போது முதலில் சந்திப்பது யோக்கில் இருக்கும் கருவியைத்தான். புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கான 9 ஜி வேகக் குறைப்பில் 300 கிராம் ஐபேட் மினி 2.7 கிலோ போல நடந்துகொள்ளும். சக்ஷன் கப் அதைப் பிடித்து நிறுத்தப்போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, தோள்பெல்ட் இல்லாத விமானம் வைத்திருப்பவர் மவுண்ட் வாங்கும் பணத்தை முதலில் தோள்பெல்ட்டில் போடலாம்.

வயரும் சிக்னலும்

மவுண்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஆன்டெனாவை யாரும் யோசிப்பதில்லை. செஸ்னாவின் கூரையும் இறக்கையும் அலுமினியம்; ஜிபிஎஸ் சிக்னல் அதைத் துளைத்து வராது. யோக்கிலோ தொடையிலோ இருக்கும் கருவிக்கு விண்ட்ஷீல்ட் வழியாகத் தெரியும் வானம்தான் கிடைக்கும். பெரும்பாலும் அது போதும். போதாவிட்டால் தனி ஆன்டெனாவையோ புளூடூத் ரிசீவரையோ விண்ட்ஷீல்டுக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடுக்குள் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, சிம் வசதியுள்ள மாடலில்தான் உண்டு. அதனால் அப்படி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த வெளி ரிசீவர் கட்டாயம்.

வயர் யோக்கோடு சேர்ந்து ஆடும் இடமெல்லாம் சிக்கும் இடம். யோக்கை முழுக்கத் திருப்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாக, ஆனால் த்ராட்டிலிலோ பெடலிலோ மாட்டாத அளவுக்குச் சுருக்கமாகக் கட்ட வேண்டும். சார்ஜர் வாங்கும் முன் விமானத்தின் வருஷத்தைப் பாருங்கள்: 172-இல் 1978 மாடலிலிருந்து 28 வோல்ட், அதற்கு முன் 14. காருக்கான மலிவுச் சார்ஜர் 28 வோல்ட்டில் கருகலாம். கருகாவிட்டாலும் அதன் மின் இரைச்சல் ரேடியோவில் கரகரவென்று கேட்கும். ஐஎஃப்ஆர் பயணத்தில் இப்படிப்பட்ட கருவிகள் வழிகாட்டும் கருவிகளையும் ரேடியோவையும் கெடுக்கவில்லை என்று உறுதிசெய்வது, அமெரிக்க விமான விதிகளில் 91.21-ஆம் விதியின்படி, விமானத்தை இயக்குபவரின் பொறுப்பு.

தொந்தரவு எதிர்த்திசையிலும் வரும். ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். விமான ரேடியோவில் 121.15 மெகாஹெர்ட்ஸ் அருகே பேசினால் அதன் 13-ஆவது மடங்கும், 131.3 அருகே பேசினால் 12-ஆவது மடங்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து விழும். ரேடியோவோ ஆன்டெனாவோ பழசாக இருந்தால், நீங்கள் பேசும் அந்த சில விநாடிக்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இழந்து ‘இடம் தெரியவில்லை’ என்று நிற்கும்.

ஆகவே மாட்டி முடித்ததும் என்ஜினைப் போடாமல் உட்கார்ந்து பாருங்கள். இருக்கையை அந்த விமானத்தை ஓட்டும் ஆட்களிலேயே குள்ளமானவருக்கு ஏற்றபடி முன்னால் இழுத்து, யோக்கை வயிறு வரை இழுத்து இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். பிறகு பேனல் வரை தள்ளி, அதே போல மறுபடியும். எங்கும் இடிக்கக் கூடாது, உரசவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு மாஸ்டர் ஸ்விட்ச், இக்னிஷன் சாவி, எரிபொருள் வால்வு, கதவுக் கைப்பிடி நான்கையும் தொட முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் என்ஜினை இயக்கி, ரேடியோவைப் போட்டு, கருவியை ஒருமுறை அணைத்தும் ஒருமுறை இயக்கியும் திசைகாட்டியின் முள்ளைக் கவனியுங்கள். சார்ஜரைச் செருகும்போது ரேடியோவில் இரைச்சல் கூடினால் அந்தச் சார்ஜரைக் காருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். செயற்கைக்கோள் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தரைக் கட்டுப்பாட்டோடு பேசும்போது அங்கே தெரியும் சிக்னல் பட்டைகள் சரிகின்றனவா என்பதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம்.